நான் உங்கள் வக்கீல் இல்லை

ஸ்ரீபெரும்புதூர்
ஐப்பசி கடைசி ஞாயிறு

அன்புள்ள மாமாவுக்கு,

செந்தாமரை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் வீடும் மோட்டாரும் நலம். மோட்டாரைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. நீங்கள் கார் நிக்கோபார் தீவுக்குக் கிளம்பிய மறுநாளே அது நின்றுவிட்டது. மெக்கானிக் மாரிமுத்து வந்து பிரித்துப் போட்டுச் சரிசெய்து கொடுத்தார். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? படகுத்துறை வேலை முடிகிறவரை சிமெண்ட் மூட்டையைத் தூக்கிக் காட்டி ஆட்களிடம் வீரம் காட்ட வேண்டாம். இதையே போனில் சொன்னால் "சரி சரி" என்கிறீர்கள், உடனே லைனும் போய்விடுகிறது. கடிதத்தில் அப்படித் தப்பிக்க முடியாது.

மாடி அறைக்கு வண்ணம் அடித்தாயிற்று. வெளிர் மஞ்சள். நீங்கள் சொன்ன நீலத்தைக் கடையில் பார்த்தேன், ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது, வேண்டாமென்று வந்துவிட்டேன். எதிர்வீட்டு அக்கா வந்து பார்த்துவிட்டு இந்த அறை யாருக்கு என்று கேட்டார். விருந்தாளிக்கு என்றேன். தத்தெடுக்கப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம் என்று ஊரெல்லாம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. நம் முறை எப்போது வரும் என்று கம்ப்யூட்டரில் பார்ப்பதையும் விட்டுவிட்டேன். சரி, அது பொய். பார்க்கத்தான் செய்கிறேன்.

ஒரு வழக்கைப் பற்றி உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குழந்தையின் அடையாளத்தை வெளியில் சொல்லக் கூடாது என்பது சட்டம். அது புருஷனுக்கும் பொருந்தும். ஆகவே நானே பெயர் வைத்திருக்கிறேன். குழந்தை கனிஷ்கா, நான்கு வயது. அம்மா செல்லக்கனி. அம்மாவோடு அறையில் தங்கியிருக்கும் தோழி மீனம்மாள். எங்கள் அலுவலகத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் அந்தோணிராஜ் மட்டும் அசல் பெயர். நம் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு "உப்பு கொஞ்சம் கம்மி" என்று சொல்லிப் போனவரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

செல்லக்கனி தூத்துக்குடிப் பக்கம். புருஷன் இறந்த பிறகு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து வந்தவள். மீனம்மாள் சங்கரன்கோவில் பக்கம், வேலை வேறொரு கம்பெனியில். இருவரும் பிள்ளைப்பாக்கத்தில் ஒரே அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். ஒருத்தி இரவு ஷிப்ட் என்றால் மற்றவள் காலை ஷிப்ட். இப்படிச் சூப்பர்வைசரிடம் கெஞ்சிக் கூத்தாடி எதிரெதிர் ஷிப்ட் வாங்கிக்கொண்டது குழந்தைக்காகத்தான். காலையில் செல்லக்கனி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்குவாள். மீனம்மாள் தன் பஸ்ஸில் ஏறுவாள். இடையில் பஸ் ஸ்டாப்பிலேயே குழந்தையும் அறைச் சாவியும் ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாறும். அந்த ஸ்டாப்பில் இப்படி மாறுகிற குழந்தைகள் பல.

அன்றைக்கு நல்ல மழை. ஒரகடம் கூட்டுரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று கவிழ்ந்து கிடக்க, செல்லக்கனியின் பஸ் அதற்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. மீனம்மாளின் பஸ் வந்து ஹாரன் அடிக்கிறது. தூரத்தில் இன்னொரு வெள்ளை பஸ் திரும்பி வருவதை அவள் பார்த்தாள். குழந்தையைப் பெஞ்சில் உட்காரவைத்து, சாவியைக் கையில் கொடுத்து, "அந்தா அம்மா வந்துட்டா" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள். இங்கே கம்பெனி பஸ் எல்லாமே வெள்ளைதானே. கண்ணாடியில் வைத்திருக்கும் அட்டையைக் கிட்டே போய்ப் படித்தால்தான் எது யாருடையது என்று தெரியும். வந்தது வேறு கம்பெனி பஸ். அது நிற்காமலே போய்விட்டது.

ஸ்டாப்புக்கு எதிர்வீட்டுக் கங்கம்மாள் குழந்தை தனியாக நனைவதைப் பார்த்து, குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்தார்; அவர்கள் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். செல்லக்கனி வந்து இறங்கியபோது குழந்தையும் இல்லை, சாவியும் இல்லை. மீனம்மாளைக் கூப்பிடலாம் என்றால் அவள் போன் கம்பெனி வாசலில் செக்யூரிட்டியிடம் இருக்கிறது. அந்த நேரத்தில் செல்லக்கனி எப்படித் துடித்திருப்பாள் என்று நினைத்துப் பார்க்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது கனிஷ்கா காப்பகத்தில். அம்மாவிடம் திரும்பிப் போவாளா, அங்கேயே இருப்பாளா என்பதைக் குழந்தைகள் நலக் குழு முடிவு செய்யும். அந்தக் குழுவின் முன்னால் எங்கள் அலுவலகத்துக்காகப் பேச வேண்டியவள் நான். எங்கள் அலுவலகத்தின் கருத்து, அதாவது அந்தோணிராஜின் கருத்து, அம்மாவுக்குப் பகல் நேர வேலை கிடைக்கும்வரை குழந்தை காப்பகத்திலேயே இருக்கட்டும் என்பது. ஒப்பந்த வேலைக்காரிக்குப் பகல் நேர வேலை யார் கொடுப்பார்கள்? அந்த "வரை" முடிவதற்குள் குழந்தைக்கு அம்மா முகமே மறந்துபோகும்.

போன வாரம் செல்லக்கனி என்னைத் தேடி அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். யூனிபார்மோடு வந்திருந்தாள், ஷிப்ட் முடிந்து தூங்கவே இல்லை போலிருக்கிறது. "அங்க நான் என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லித் தாங்க மேடம், அப்படியே சொல்லுதேன்" என்றாள். சொல்லக் கூடாது, மாமா. எதிர்த் தரப்பின் வக்கீல் நான். "நான் உங்க வக்கீல் இல்லம்மா" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. வக்கீல்தானே என்றாள். வக்கீல்தான், ஆனால் உங்களுக்கு இல்லை என்று திரும்பவும் சொன்னேன். கோர்ட்டில் இலவச சட்ட உதவி அறை எங்கே இருக்கிறது, யாரைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லி, வாசல்வரை கூடப் போய் ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். அதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் சாயங்காலம் முழுக்க நீங்கள் இதையே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். குழந்தைக்கு நீ வக்கீல் இல்லை, அம்மாவுக்கும் இல்லை, ஆபீசுக்குத்தான் என்கிறாயே, அப்போது குழந்தைக்கு யார் என்று. நான் என்ன பதில் சொன்னேன் என்று நினைவிருந்தால் எழுதுங்கள். இப்போது அது எனக்கே தேவைப்படுகிறது.

குழந்தையைப் பார்க்கக் காப்பகத்துக்குப் போனேன். கேட்டால் பேசுகிறாள், சாப்பிடுகிறாள், விளையாடுகிறாள். சாவியை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்கிறாளாம். குளிக்கும்போதும் கையில் வைத்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். "அம்மா வந்தா எப்படித் தொறப்பா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். இத்தனை நாளாக அம்மா பூட்டின கதவுக்கு வெளியே நிற்பதாகத்தான் அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். வீட்டுச் சொந்தக்காரரிடம் வேறு சாவி இருந்தது, கதவு அன்றைக்கே திறந்தாயிற்று என்று எவ்வளவோ சொன்னேன். நம்பவில்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே என் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த நேரத்தில் எனக்குக் கெட்ட ஆசை வந்தது. மஞ்சள் அறை நினைவுக்கு வந்தது. அந்தோணிராஜ் சொல்வதையே நானும் நன்றாகப் பேசிவிட்டால் என்ன என்று மனம் கேட்டது. அப்படிப் பேசினாலும் இந்தக் குழந்தை நமக்கு வராது, சட்டப்படி வர வழியே இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் மனம் அங்கேதான் போனது. சாவி இருந்த கையைப் பார்த்த பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது.

அடுத்த வாரம் விசாரணை. எங்கள் கருத்து இப்படியே உள்ளே போனால் என்ன செய்வது என்று தெரியவில்லை. நான் வேலை செய்வது ஆபீசுக்கு. அங்கே நின்று ஆபீசுக்கு எதிராகப் பேச முடியாது. மனசுக்கு ஒப்பாததைப் பேசவும் வாய் வராது. அந்தத் தீவிலும் ஒரு கோயிலோ சர்ச்சோ இருக்கும். எனக்காகப் போய் ஒரு நிமிடம் நில்லுங்கள்.

உங்கள்
செந்தாமரை

*

ஸ்ரீபெரும்புதூர்
கார்த்திகை தீபத்துக்கு மறுநாள்

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று வீடு முழுக்க விளக்கு வைத்தேன். காற்று பாதியை அணைத்துவிட்டது, மீதி பாதியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பட்டாசு கொளுத்திப் போனார்கள். மனம் நிறைந்திருக்கிறது. ஏன் என்று சொல்கிறேன், இடையில் பக்கத்தைத் திருப்பி முடிவைப் பார்க்க வேண்டாம். உங்கள் வழக்கம் எனக்குத் தெரியும்.

உங்களுக்குக் கடிதம் போட்ட மறுநாள் அந்தோணிராஜின் அறைக்குப் போய் உட்கார்ந்தேன். உங்கள் அறிக்கையை இப்படியே எடுத்துக்கொண்டு உள்ளே போக முடியாது என்று சொன்னேன். அவர் குரலை உயர்த்தினார். "மேடம், பஸ் ஸ்டாப்பு இன்னா பால்வாடியா? நாலு வயசுக் கொழந்தைய மழைல உக்காரவெச்சுட்டு பஸ் ஏறுறாங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நானும் நீங்களும்தான் பதில் சொல்லணும்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. முன்பு ஒரு குழந்தையை வீட்டுக்கு அனுப்பி, அது அடிபட்டுத் திரும்பி வந்தது அவர் மனதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் எந்தக் குழந்தையையும் சுலபத்தில் அனுப்புவதில்லை.

நான் சொன்னேன்: "நான் உங்க வக்கீல் சார். அதனாலதான் இத உங்ககிட்ட தனியா சொல்றேன், அங்க நின்னு உங்கள விட்டுக்குடுக்க மாட்டேன். வறுமையும் வேலை நேரமும் ஒரு அம்மாகிட்டேருந்து கொழந்தைய எடுக்கக் காரணம் ஆகாது, காப்பகம்ங்கறது கடைசி வழி, அதுதான் சட்டம். இந்த அறிக்கையோட போனா தோத்துடுவோம். தோத்தாலும் பரவாயில்ல. ஜெயிச்சிட்டா என்ன பண்றது?" அவர் கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். நாளைக் காலை அந்த ஸ்டாப்புக்கு நீங்களும் வாங்க, நானும் வர்றேன், பார்த்துவிட்டுப் பேசுவோம் என்றேன். சரி என்றார்.

இரண்டு பேரும் அலுவலக அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் நின்றோம். தூறல். ஒவ்வொரு வெள்ளை பஸ்ஸாக வந்து போகிறது. இறங்குகிறவர்கள் தூக்கக் கண்ணோடு இறங்குகிறார்கள், ஏறுகிறவர்கள் ஈரத் தலையோடு ஏறுகிறார்கள். டிபன் பாக்ஸும் குடையும் குழந்தையும் கைமாறுகின்றன. யாரும் யாரையும் பார்த்துப் பேச நின்றதாகத் தெரியவில்லை. ஆனாலும் கை மாறும்போது எல்லாக் குழந்தைக்கும் ஒரு முத்தம் கிடைத்துவிடுகிறது.

அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. ஒரு பெண் ஓடி வந்தாள், இடுப்பில் ஒரு பொடியன். அவள் பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. அந்தோணிராஜின் கழுத்து அட்டையை ஒரு பார்வை பார்த்தாள். "அண்ணே, இத்த கொஞ்சம் புடிங்க, என் தங்கச்சி பின்னாடி பஸ்ல வந்துகினு கீறா" என்று பையனை அவர் கையில் திணித்துவிட்டு ஏறிப் போயே போய்விட்டாள். மனிதர் அப்படியே உறைந்துவிட்டார். பையன் அழவில்லை. அட்டையைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தான். எனக்கு ஒரு பக்கம் திக்கென்றது, இன்னொரு பக்கம் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடுத்த பஸ்ஸில் தங்கச்சி வந்தாள், "தேங்க்ஸ்ணா" என்று பையனை வாங்கிக்கொண்டு போனாள். அவளைப் பார்த்ததும் பையன் தாவிய தாவலில் அட்டையின் கயிறே அறுந்துவிட்டது.

அந்தோணிராஜ் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா மேடம், யாரு எவருன்னே தெரியாத எங்கிட்ட குடுத்துட்டுப் போறாங்க! இத்தத்தான் நான் சொல்றேன்" என்றார். அவர் சொன்னது சரிதான். எந்த வக்கீலும் அதை மறுக்க முடியாது. நான் ஒன்று மட்டும் கேட்டேன். இந்தப் பெண்களுக்குக் குழந்தைமேல் அக்கறை இல்லை என்று உங்கள் கையால் எழுத முடியுமா? அவர் அறுந்த கயிற்றை முடிச்சுப் போட்டு அட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "அக்கறை இருக்குது மேடம். எடம்தான் இல்ல" என்றார்.

அவ்வளவுதான், மாமா. இடம் இல்லையென்றால் இடம் தேட வேண்டியது யார்? எங்கள் அலுவலகம்தானே. அங்கன்வாடி திறப்பதற்குள் இவர்கள் பஸ் போய்விடுகிறது. இரண்டு பஸ்ஸுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்துக்கு ஒரு ஆள், ஒரு கூரை, அதுதான் வேண்டும். இருவரும் நேரே ஸ்டாப்புக்கு எதிரே இருக்கும் கங்கம்மாள் வீட்டுக்குப் போனோம்.

கங்கம்மாள் எங்களைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். அவர்கள் நிலம் கம்பெனிக்குப் போன பிறகு வந்த பணத்தில் இங்கே வீடு கட்டிக்கொண்டு மகனோடு இருக்கிற மனுஷி. "இன்னாம்மா நீங்க! நானா கொழந்தைய புடிச்சிகினு போவ சொன்னேன்? தனியா குந்திகினு கீதே, யாராச்சும் வந்து பாருங்கன்னுதானே போன் பண்ணேன். அந்தப் பொண்ணு தெனம் என் வூட்டப் பாத்துகினே போவுது, எனக்கு சோறு எறங்கல" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அந்தோணிராஜ் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். "அவ்ளோதானா? என் வூட்லயே இருக்கட்டும். ஒரு இட்லிய துன்னுட்டு டிவி பாத்துகினு இருக்கும். அம்மாக்காரி வந்தா கூட்டிகினு போவட்டும்" என்றார். அந்தோணிராஜ் விடவில்லை. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், கிணறு மூடியிருக்கிறதா, நாய் கடிக்குமா என்று எல்லாவற்றையும் பார்த்துக் கேட்டு எழுதிக்கொண்டார். அவருடைய பயம் எவ்வளவு உபயோகமானது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

விசாரணை அன்று நான் எதையும் மறைக்கவில்லை. மீனம்மாள் வேறு பஸ்ஸைப் பார்த்து ஏமாந்தது, குழந்தை மழையில் தனியாக இருந்தது, அது எவ்வளவு ஆபத்து என்பது, எங்கள் அலுவலகம் முதலில் என்ன நினைத்தது, இப்போது என்ன நினைக்கிறது, எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையை அம்மாவிடம் ஒப்படைக்கலாம், கங்கம்மாள் பொறுப்பில் இடைநேரம் இருக்கட்டும், எங்கள் ஆட்கள் வந்து பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டேன். கருத்து ஏன் மாறியது என்று குழுவின் தலைவி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தோணிராஜே எழுந்து, "நேர்ல போய் நின்னு பாத்தேன் மேடம்" என்றார். அவர் கையில் பொடியன் இருந்த கதையை நான் சொல்லவில்லை. கட்சிக்காரரின் மானத்தைக் காப்பதும் வக்கீலின் கடமை.

செல்லக்கனிக்கு சட்ட உதவியில் வந்த வக்கீல் நிலா, சின்னப் பெண். ராத்திரியெல்லாம் படித்துவிட்டு வந்திருப்பாள் போல, கை நிறையக் காகிதம். "எனக்குப் பேச ஒண்ணுமே வெக்கலியே மேடம்" என்று வெளியில் வந்து என்னிடம் குறைப்பட்டாள். மீனம்மாள் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அந்த பஸ்ஸு வாரதப் பாத்துட்டுத்தான் ஏறுனேன்" என்று கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஒப்படைக்கலாம் என்று உத்தரவு ஆனதும் கனிஷ்காவை அழைத்து வந்தார்கள். ஓடிப் போய் அம்மாவைக் கட்டிக்கொள்வாள் என்று நாங்கள் எல்லோரும் கைக்குட்டையோடு தயாராக இருந்தோம். அவள் ஓடவில்லை. நடந்து போய் அம்மாவுக்கு நேரே நின்று, முகத்தை நிமிர்ந்து பார்த்து, "பஸ்ஸு லேட்டாம்மா?" என்று கேட்டாள்.

செல்லக்கனி, "ஆமாட்டி, லேட்டாயிட்டு" என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்? உடனே குழந்தை சாவியை நீட்டினாள். அதற்குப் பிறகுதான் அம்மா இடுப்பில் ஏறினாள். அந்தோணிராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

போகும்போது செல்லக்கனி என்னிடம் வந்தாள். "நீங்க என் வக்கீல் இல்லன்னு சொன்னிய, மேடம்" என்றாள். இல்லைதான் என்றேன். குழந்தை எனக்கு டாட்டா காட்டினாள். நீங்கள் அன்றைக்குக் கேட்டீர்களே, குழந்தைக்கு யார் என்று. எங்கள் அலுவலகத்தை ஒழுங்காக வேலை செய்ய வைத்தால் குழந்தைக்கும் அதில் ஆள் இருக்கும். இப்போதைக்கு இதுதான் என் பதில். இதை விட நல்லது தெரிந்தால் எழுதுங்கள்.

வீட்டுக்கு வந்து மாடி அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழவில்லை, சத்தியமாக. எனக்கு நிம்மதியாக இருந்தது. மழையில் தூரத்திலிருந்து பார்த்தால் எல்லா பஸ்ஸும் ஒரே வெள்ளையாகத்தான் தெரிகிறது. நமக்கு அவசரம் என்பதற்காக இன்னொருத்தியுடைய பஸ்ஸை நம்முடையது என்று நினைத்துவிடக் கூடாது. நம்முடையது வரட்டும். லேட்டாக வந்தாலும் வரட்டும்.

அந்தக் கோயிலுக்கோ சர்ச்சுக்கோ இன்னொரு முறை போனால் ஒன்று வேண்டிக்கொள்ளுங்கள். நம்மிடம் வரப்போகிற குழந்தை இப்போது எந்த ஊரிலோ இருக்கும். அதன் பக்கத்தில் என்னைப் போல ஒரு வக்கீல் இருந்தால், அவள் அவசரப்படாமல் இருக்கட்டும். அந்தக் குழந்தைக்காக பஸ்ஸிலிருந்து இறங்கி வர ஒரு அம்மா இருக்கிறாளா என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று தேடட்டும். இருந்தால் அவளிடமே கொடுத்துவிடட்டும், நாம் இன்னும் கொஞ்சம் காத்திருக்கலாம். உண்மையிலேயே யாரும் வரவில்லை என்றால் மட்டும் நம் வீட்டு விலாசத்தைக் கொடுக்கட்டும். மஞ்சள் அறைக்கு இன்னும் பூட்டு வாங்கவில்லை, மாமா. வேண்டாம் என்று தோன்றுகிறது.

முதுகைப் பார்த்துக்கொண்டு பத்திரமாக வந்து சேருங்கள்.

உங்கள்
செந்தாமரை